மயிலையின் வயிற்றில் இருந்தது

கிட்ட வந்து உட்காருங்கள். தூரமாக உட்கார்ந்தால் பாதிக் கதை காற்றோடு போய்விடும். நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கே வாய் கூசும், குரலை இறக்கித்தான் சொல்வேன். அது வரும்போது யாரும் எழுந்து போகக் கூடாது. போனால் மிச்சம் விளங்காது.

மாடும் காக்காயும் மனுசரும் ஒரே பேச்சுப் பேசின அந்தக் காலத்தில் கள்ளிமேடு என்று ஒரு ஊர் இருந்தது. வானம் பார்த்த பூமி. சோளம் போடுவார்கள், மாடு வளர்ப்பார்கள், வேறு பிழைப்பு கிடையாது. ஊருக்கு மேற்கே மேய்ச்சல் காடு, கிழக்கே ஓடை. ஓடைக்கரையில் ஒரு மருதமரம். நாலு ஆள் கை கோத்து நின்றாலும் அதைச் சுற்றிப் பிடிக்க முடியாது. அதன் உச்சியில் ஒரு பாறு கூடு கட்டியிருந்தது. பாறு தெரியுமல்லவா? இறக்கையை விரித்தால் ஒரு வாசல் அகலத்துக்கு வருமே, அந்தப் பெரிய கழுகுதான். அது வருசத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அந்த வருசத்து முட்டை பொரிந்து, குஞ்சு இறக்கை முளைக்காமல் பஞ்சுப்பொதி மாதிரிக் கூட்டில் கிடந்தது. அப்போதெல்லாம் பாறு செத்த உடம்பைத் தொடாது. வெட்டுக்கிளி, ஓணான், வயல் எலி, இவைதான் அதற்குத் தீனி.

அந்த ஊர்க்காரர்கள் மாட்டைப் பெற்ற தாயைப் போல வைத்திருந்தார்கள். மாடு செத்தால் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, கோடித்துணி போர்த்தி, வெயில் இறங்குவதற்குள் குழிக்குள் இறக்கி உப்புக் கொட்டி மூடிவிடுவார்கள். அந்த உடம்பின்மேல் கத்தி படக்கூடாது, நகம் படக்கூடாது. அப்படி ஒரு கட்டுப்பாடு. இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. தன் மாடு அடுத்தவர் சோளக்காட்டில் வாய் வைத்துவிட்டால், மாட்டுக்காரர் ஊர்ச்சாவடிக்கு வந்து எல்லார் காலிலும் விழ வேண்டும். ஆம்பிளையோ பொம்பிளையோ, வயசானவரோ சின்னவரோ, விழத்தான் வேண்டும். அதனால் மாட்டை அடுத்தவர் வேலிப்பக்கம் யாரும் விடமாட்டார்கள். தப்பித்தவறிப் போய்விட்டாலும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

அந்த வருசம் சோளம் அறுத்த பிறகு மழை ஏய்த்துவிட்டது. துண்டு துணுக்காகக் காடு வைத்திருந்தவர்கள் அறுத்த கையோடு கட்டையைக் கொத்திப் போட்டுவிட்டார்கள். ஊர்ப் பெரியதனக்காரர் ராக்கியண்ணனுடைய காடு பெரிசு. ஏர் பூட்டினால்தான் ஆகும். நிலம் பாறையாகக் கிடந்ததால் உழவில்லை. நடுவில் ஒரு நாள் ஒரு தூறல் போட்டது. அதை நம்பி அறுத்த கட்டையெல்லாம் குருத்து விட்டது. அப்புறம் மழையும் இல்லை, மஞ்சும் இல்லை. குருத்து ஒரு சாண் வளர்ந்து, அதற்குமேல் வளரவும் முடியாமல் சாகவும் முடியாமல் வாடி நின்றது.

முதலில் செத்தது வேலாத்தாளின் எருது. வேலாத்தாள் புருசனை இழந்தவள். ஒரு எருதும், செவலை என்று ஒரு கிழட்டுப் பசுவும்தான் அவள் சொத்து. ஒரு நாள் வெயில் ஏறுகிற நேரம் எருது கட்டுத்தறியில் நின்றபடியே நடுங்கியது. வாயில் நுரை தள்ளியது. தலையை நேராக வானத்துக்குத் தூக்கி, மூக்கை விரித்து, மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தது. வேலாத்தாள் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் நாலு காலும் நீட்டிவிட்டது. உடம்பில் ஒரு காயம் இல்லை, ஒரு பல்லுத்தடம் இல்லை.

காலையில் அது எங்கே போயிருந்தது என்று கேட்டார்கள். எங்கேயும் போகவில்லை, கட்டுத்தறியில்தான் நின்றது என்றாள் அவள்.

நாலு நாள் கழித்துச் சடையனுடைய எருமை. அதே நடுக்கம், அதே நுரை, அதே மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டே விழுந்தது. சடையன் என்பவன் வேலாத்தாளுக்குக் கொழுந்தன் முறை, வாய்த்துடுக்கானவன். எருமை எங்கே மேய்ந்தது என்று கேட்டதற்கு, அது என்னிடம் சொல்லிவிட்டா போகிறது என்று எரிந்து விழுந்தான். அதற்கு மறுநாள் அவனுடைய கன்றும் போய்விட்டது. மூன்றையும் குளிப்பாட்டிப் புதைத்தார்கள். புதைத்துவிட்டுச் சாவடியில் கூடி உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு காரணம் வந்தது.

கண்ணேறு என்றார்கள். சரி என்று எல்லா மாட்டின் கழுத்திலும் மிளகாயும் வேப்பிலையும் கட்டினார்கள். மிளகாய் நெடியில் மாடுகள் தும்மித் தும்மிச் சலித்ததுதான் மிச்சம். பாம்பு என்றார்கள். தொழுவத்துப் பொந்தெல்லாம் சாணியும் சுண்ணாம்பும் வைத்துப் பூசினார்கள். மாரியம்மனுக்குப் போன வருசம் பொங்கல் வைக்கவில்லை என்று ஒருத்தர் எடுத்துக் கொடுத்தார். பொங்கலும் வைத்தார்கள். எல்லாம் செய்தும் யாருக்கும் நெஞ்சு ஆறவில்லை. காரணம் தெரிந்த சாவு என்றால் அழுதுவிட்டு எழுந்து போகலாம். இது அப்படி இல்லை. ஒவ்வொருத்தரும் தொழுவத்துக்குள் காலை வைக்கும்போதே, எது நிற்கிறது எது விழுந்து கிடக்கிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

அப்போதுதான் காக்காய் சாவடிக் கூரையில் வந்து உட்கார்ந்தது. ஊரில் நடக்கிற எல்லாவற்றிலும் அதற்கு ஒரு யோசனை இருக்கும்.

"மூணு மாடும் சாகறப்ப எங்க பார்த்துதுக?" என்று கேட்டது காக்காய்.

மேலே பார்த்தன என்றார்கள்.

"மேல யாரு சுத்தீட்டு இருந்தா?"

எல்லாரும் ஒரே சமயத்தில் கிழக்கே திரும்பினார்கள். ஓடைக்கு மேலே உயரத்தில், இறக்கையை அசைக்காமல் பாறு வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அதன் நிழல் தரையில் ஊர்ந்து, வேலியேறி, கூரையேறிப் போனது.

அந்த நிழல் பட்ட மாடுதான் சாகிறது என்று காக்காய் சொன்னது. எருது விழுவதற்கு முன்னால் நிழல் போனதைத் தானே பார்த்ததாகச் சொன்னது. அதில் பொய் இல்லை. பாறு தினமும் ஊருக்கு மேலே சுற்றுகிற பறவை, நிழல் போகாமல் என்ன செய்யும்? ஆனால் அந்த நேரத்தில் அப்படி யோசிக்க யாருக்கும் தெம்பு இல்லை. மாடு கடைசியாக நிமிர்ந்து பார்த்தது பாறுவைத்தான் என்று முடிவாகிவிட்டது. மூச்சுக்குத் திணறுகிற எதுவும் தலையைத் தூக்கத்தான் செய்யும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சேதி பாறுக்குப் போனது. அது இறங்கி வந்து சாவடிக்கு எதிரே புளியமரத்தில் உட்கார்ந்து கேட்டது.

"என்ற நெழல் உங்க கூரை மேல விழுகுது. கிணத்து மேல விழுகுது. தெனமும் காக்காய் மேலயும் விழுகுது. கிணறு செத்துப்போச்சா? இந்தக் காக்காயாச்சும் செத்துச்சா?"

ரெண்டு பேர் சிரித்தார்கள். காக்காய் சிரிக்கவில்லை. சிரித்தவர்களும் வீட்டுக்குப் போகும்போது மாட்டை நிழல் படாத பக்கமாகத்தான் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

பெரியதனக்காரர் ராக்கியண்ணன் நல்ல மனுசர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை தாராளம். தனக்கு ஒன்றென்றால் பொறுப்பார், ஊருக்கு ஒன்றென்றால் சோறு இறங்காது. அவர் அன்றைக்கு ஊரைக் கூட்டிச் சொன்னார்:

"வெட்டவெளியில மாட்டை உடாதீங்க. என்ற சோளக்காட்டைச் சுத்தியும் வேலமரம் அடைசலா நிக்குது, நெழல் உள்ள வராது. அத்தனை பேரும் கொண்டாந்து அங்க அடைச்சுக்குங்க. பச்சையும் கெடக்குது, வயிறும் ரொம்பும். ஒருத்தரும் யாரு கால்லயும் உழுக வேண்டியதில்ல. காடே நம்முளுது."

கேட்டவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் இல்லாத வருசத்தில் பச்சையைத் தூக்கி ஊருக்குக் கொடுக்கிறவர் யார்? மறுநாள் காலையில் அவரே போய்க் காட்டுப்படலைத் திறந்து வைத்தார். நாற்பது மாடு உள்ளே போயிற்று. முதலில் போனது அவருடைய மயிலை. சாம்பல் நிறத்தில் கோயில் காளை மாதிரி ஒரு எருது. கன்றாக இருந்தபோது தாய் செத்துப் போக, அவரே தன் கையால் பால் புகட்டி வளர்த்தது. கூப்பிட்டால் 'ஏனுங்கப்பா' என்று கேட்டுக்கொண்டு வரும்.

வெயில் பனையளவு ஏறியிருக்கும். காட்டிலிருந்து ஒரு கத்தல் கேட்டது. எல்லாரும் ஓடினார்கள்.

படலுக்குப் பக்கத்திலேயே ஒன்று கிடந்தது. அதைத் தாண்டி இரண்டு. அப்புறம் எண்ணிக்கொண்டே போனார்கள். ஏழு. நின்ற மாடுகளும் கால் தடுமாறின. ராக்கியண்ணன் காட்டு நடுவில் மயிலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மயிலை வானத்தைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஏதோ சொல்லத்தான் பார்த்தது. மூச்சு இருந்தால்தானே பேச்சு வரும்? 'ஏனுங்கப்பா' என்ற அந்த ஒரு சொல்கூட வரவில்லை. வாயிலிருந்து நுரை அவர் வேட்டியில் வழிந்தது. அவர் கை அப்படியே அதன் நெற்றியில் நின்றுவிட்டது.

ஏழு மாடு கிடக்கிறது, ஊர் முழுக்க நிற்கிறது, யாரோ ஒருத்தர் தலையிலிருந்த துண்டு கீழே விழுந்துவிட்டது, அதை எடுக்கக்கூட அவர் குனியவில்லை.

எல்லாரும் மேலே பார்த்தார்கள். பஞ்சத்தில் வேலமரம் இலையெல்லாம் உதிர்ந்து வெறும் முள்ளாக நின்றது. கத்தல் கேட்டு என்னவென்று பார்க்க வந்த பாறு காட்டுக்கு நேர் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. நிழல் செத்த மாடுகள்மேல் ஒவ்வொன்றாகப் போனது. பிழைத்த மாடுகளைக் கேட்டார்கள். நிழல் வந்தது, வந்ததும் விழுந்துவிட்டன என்று அவையும் சொல்லின.

மருதமரத்தை வெட்டுவது என்று அங்கேயே முடிவாயிற்று. கூடு போனால் பாறு ஊரை விட்டுப் போகும். கூட்டில் குஞ்சு இருக்கிறதே என்று வேலாத்தாள் மெதுவாகச் சொன்னாள். ஏழு உயிருக்கு ஒன்று என்றான் சடையன்.

பாறு தரைக்கு இறங்கி வந்தது. பறவை மண்ணில் நடந்து வந்து மனுசர் முன்னால் நிற்பதென்றால் சும்மாவா? ராக்கியண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரைப் பார்த்துப் பாறு சொன்னது:

"என்ற குஞ்சுக்கு இன்னும் எறகு மொளைக்கலீங்க. மரம் சாஞ்சா அதுவும் சாஞ்சுரும். ஒரு பொழுது குடுங்க. எது கொல்லுதுன்னு பார்த்துச் சொல்லறேன்."

"பொதைக்கற வரைக்கும்" என்றார் ராக்கியண்ணன். "ஏழு குழி வெட்டி ஏழையும் எறக்கோணும். அதுக்குள்ள சொல்லு. கடைசிக் குழி மூடறப்ப மரத்துல கோடாலி விழும்."

குழி வெட்ட ஆள் போனது. பாறு என்ன செய்வது என்று தெரியாமல் காட்டை ஒரு சுற்றுச் சுற்றியது. பிழைத்த மாடுகள் வெளியே ஓட்டப்பட்டு நின்றன. எல்லாம் இன்னும் உதறிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் உதறவில்லை. வேலாத்தாளின் கிழட்டுப் பசு செவலை. வேலியோரம் நின்று வாலால் ஈ விரட்டிக்கொண்டிருந்தது. பாறு அதனிடம் போய், நீயும் உள்ளேதான் இருந்தாயா என்று கேட்டது.

"இருந்தேன். மயிலைக்கு அக்கட்டாலதான் நின்னேன்" என்றது செவலை. "உன்ற நெழலுகூட என்ற முதுகு மேல ரெண்டு தடவை போச்சு. வெயிலுக்கு நல்லாத்தான் இருந்துது. இன்னொருக்கா வராதான்னு பார்த்தேன்."

"அப்பறம் நீ மட்டும் எப்படி நிக்கறே?"

"எனக்கு வாயெல்லாம் புண்ணு. பல்லும் கொட்டிப் போச்சு. பத்து நாளா வேலாத்தா குடுக்கற கஞ்சித்தண்ணிதான். மத்ததெல்லாம் குனிஞ்ச தலை நிமிராம மேஞ்சுதுக. நான் வேடிக்கை பார்த்துட்டு நின்னேன். அவ்வளவுதான்."

பாறு யோசித்துப் பார்த்தது. நிழல் எல்லார் மேலும் பட்டது. வாய் வைக்காதது மட்டும் உதறாமல் நிற்கிறது. அப்படியென்றால் கொன்றது மேலிருந்து வரவில்லை. வாய் வழியாகப் போயிருக்கிறது. வாய் வழியாகப் போனது வயிற்றில்தான் இருக்கும். வயிற்றில் இருக்கிறதை யார் பார்ப்பது? இந்த ஊர் தோன்றின நாளிலிருந்து ஒரு மாட்டின் வயிற்றையும் யாரும் பார்த்ததில்லை. எல்லாச் சாவையும் உப்புப் போட்டு மூடியாயிற்று.

அது குழிக்கரைக்குப் பறந்து போய்ச் சொன்னது. ஒரே ஒரு வயிற்றைத் திறந்து பாருங்கள் என்று.

குழி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். சடையன் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தான். பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கொன்றது போதாது என்று கிழிக்கவும் கேட்கிறது பார் என்றது காக்காய். தாயின் வயிற்றைக் கிழிக்கச் சொல்கிற வாயைப் பார்க்க வேண்டாம் என்று ராக்கியண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறு மாடு குழிக்குள் போய்விட்டது. மயிலை மட்டும் மிச்சம். மஞ்சள் தண்ணீர் ஊற்றியாயிற்று, குங்குமம் வைத்தாயிற்று, கோடித்துணி போர்த்தியாயிற்று. ராக்கியண்ணன் தன் கையாலேயே ஒரு அரளி மாலையை அதன் கழுத்தில் போட்டார்.

அந்த நேரம் ஓடைப்பக்கமிருந்து லொட்டென்று ஒரு சத்தம் வந்தது. வேகம் பொறுக்காத ரெண்டு பேர், கடைசிக் குழி வரைக்கும் காத்திருக்காமல் கோடாலியை ஓங்கிவிட்டார்கள். லொட்டு, லொட்டு. அதற்கு மேலே குஞ்சு கத்துகிற சத்தம்.

பாறுக்கு அந்தக் காலத்தில் தலையிலும் கழுத்திலும் அடர்த்தியாகப் பொன் நிறத்தில் இறகு இருந்தது. வெயில் பட்டால் நெல் விளைந்த மாதிரி மின்னும். மயில்கூட ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகும். அந்தத் தலையோடு பாறு வந்து மயிலையின்மேல் இறங்கியது. ஒருத்தர் கண்ணும் இமைக்கவில்லை. கோடித்துணியை நகத்தால் விலக்கியது. தொடையிடுக்கில் தோல் மெலிசாக இருக்கிற இடத்தில் மூக்கை வைத்தது.

நான் குரலை இறக்கிச் சொல்வேன் என்றேனே, இதுதான் அந்த இடம்.

கிழித்தது. கிழித்து, தலையை உள்ளே விட்டது. தலை போய், கழுத்து போய், தோள் வரைக்கும் உள்ளே போய்விட்டது. சடையன் கையில் கல் இருந்தது. எறிந்தால் மயிலைமேல் பட்டுவிடுமே என்று ஓங்கின கை ஓங்கினபடியே நின்றது. பெற்ற தாயை யாரோ நடுத்தெருவில் துகிலுரிந்த மாதிரி ஊர் நின்றது. ஓடைப்பக்கம் கோடாலிச் சத்தமும் நின்றுவிட்டது. வெட்டினவர்கள் அங்கிருந்தே பார்த்துவிட்டார்கள்.

பாறு தலையை வெளியே எடுத்தது. பொன் நிறமெல்லாம் போய், இறகு ஒட்டி, ரத்தம் கண்ணில் வழிந்தது. செத்துப் பத்து நாழிகை ஆன உடம்பு, ரத்தம் கறுத்திருக்க வேண்டும். அதுவோ செம்பருத்திப் பூவாகச் சிவந்திருந்தது. வாயில் கவ்வியிருந்ததை அது கோடித்துணியின்மேல் வைத்தது. திரும்பத் தலையை விட்டு இன்னொரு வாய் எடுத்து வைத்தது. மூன்றாவதும் வைத்தது. அப்புறம் நகர்ந்து நின்றுகொண்டது.

முதலில் சடையன்தான் கிட்டப் போனான். கல்லைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தான். எல்லாம் ஒரே பச்சை. மென்றும் மெல்லாமலும் விழுங்கின சோளக்குருத்து, ஒரு சாண் நீளத்துக்கு. மூக்கில் குத்துகிற மாதிரி ஒரு கசப்பு வாடை.

"சோளம்" என்றான் சடையன். "மாடு சோளந்தான திங்கும். இதுல என்ன இருக்குது?"

"காஞ்ச தட்டு தின்னுருக்குது, கதிர் அறுத்த தாளு தின்னுருக்குது" என்றது பாறு. "அறுத்த கட்டையில கெளம்பி, தண்ணியில்லாம வாடி நிக்கற குருத்தை இதுக்கு முன்னால எந்த மாடாச்சும் தின்னுருக்குதா? வருசா வருசம் உழுதுருவீங்க. இந்த வருசந்தான் உழுகலை. வாடின குருத்துல வெசம் ஏறியிருக்குது, அதான் ரத்தம் இப்படிச் செவந்து கெடக்குது."

ராக்கியண்ணன் கேட்டார்.

"இன்னைக்குச் செத்ததுக காட்டுக்குள்ள இருந்துதுக. சரி. முன்னால செத்துதுகளே மூணு, அதுக எங்க போய் இதைத் தின்னுது? என்ற காட்டுப்படல் நேத்து வரைக்கும் அடைச்சேதான கெடந்துது?"

பாறுக்கு அதற்குப் பதில் தெரியாது. இவ்வளவு செய்தும் போதவில்லை. கோடாலிக்காரர்கள் ஓடைக்கரையில் அப்படியே நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது வேலாத்தாள் வந்தாள். நேராக வந்து ராக்கியண்ணன் காலில் விழுந்தாள். விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்தே சொன்னாள்.

"மாமா, கட்டுத்தறியில நின்னுதுன்னு நான் சொன்னது பொய்யிங்க. விடியக்காலம் கயித்தை அறுத்துட்டுப் போயி, கெழக்குப்பக்கத்து வேலியில சந்து பண்ணி, உங்க காட்டுக்குள்ள மேஞ்சுட்டு இருந்துது. நாந்தான் புடிச்சுட்டு வந்தேன். சந்துல முள்ளு வெட்டி வெச்சு அடைச்சதும் நாந்தான். சாவடியில அத்தனை பேரு கால்லயும் உழுகோணுமேன்னு மறைச்சுட்டனுங்க."

ஊர் சடையனைப் பார்த்தது. அண்ணிக்குப் பக்கத்திலேயே அவனும் விழுந்தான். எருமையும் அந்தச் சந்து வழியாகத்தான் போனது என்றான். அண்ணி வைத்த முள்ளை எடுத்துப் போட்டது அது. கன்று அதன் பின்னாலேயே போயிருக்கிறது.

ரெண்டு பேர் வாயில் இருந்த ரெண்டு சொல் அன்றைக்கே வந்திருந்தால் ஏழு மாடு நின்றிருக்கும்.

ராக்கியண்ணன் அவர்களை எழச் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அவர் கண் மயிலையின்மேலேயே இருந்தது. தலைப்பாகையை அவிழ்த்து, கிழிந்த வயிற்றின்மேல் போர்த்தினார். அப்புறம் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"படலைத் தொறந்து உட்டவன் நானு" என்றார். "முதல்ல போ சாமின்னு இவனைத் தட்டிக் குடுத்து உள்ள உட்டதும் நாந்தான்."

பக்கத்தில் போகவும் யாருக்கும் துணிச்சல் இல்லை. அவர் கெட்டதை நினைத்துச் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறலாம். நல்லதை நினைத்துச் செய்தவருக்கு யார் என்ன சொல்ல முடியும்? வேலாத்தாள்தான் எழுந்து போய், செவலைக்கு வைத்திருந்த கஞ்சித்தண்ணியில் ஒரு கிண்ணம் மோந்து வந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைக் குடிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தார். காக்காய் எப்போது பறந்து போயிற்று என்று யாரும் பார்க்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் ஊரே மண்வெட்டியும் கடப்பாரையுமாக அந்தக் காட்டில் இறங்கிற்று. பாறையாகக் கிடந்த நிலத்தைக் கொத்தி, ஒரு குருத்து மிச்சமில்லாமல் வேரோடு புரட்டிப் போட்டது. மருதமரத்தின் அடியில் ஒரு முழத்துக்கு வெட்டுக்காயம். மரம் சாயவில்லை.

ராக்கியண்ணன் பாறுவைத் தேடிக்கொண்டு ஓடைக்குப் போனார். அது ஓடையில் மிச்சமிருந்த கொஞ்சத் தண்ணீரில் தலையை முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தது. போகிற ரத்தமாக இல்லை அது. இறகின் வேர்க்காலில் எல்லாம் ஊறி உறைந்துவிட்டது.

"இனி இந்த ஊருல காரணம் தெரியாம எது செத்தாலும் பொதைக்கமாட்டோம்" என்றார். "காட்டுல போட்டுட்டு நகந்துக்கறோம். நீ வந்து பாரு. பார்த்துட்டுச் சொல்லு. மிச்சம் உனக்கு."

பாறு சரி என்றது. அவர் போன பிறகு பாறைமேல் ஏறி உட்கார்ந்து தலையைக் காய வைத்துப் பார்த்தது. காய்ந்ததும் நாற்றம் எடுத்தது. ஒரு எறும்பு வந்தது, அதன் பின்னால் ஒரு வரிசையே வந்தது. இந்தத் தலையோடு கூட்டுக்குப் போனால் எறும்பும் கூட வரும். கூட்டில் இருப்பதோ இறகு முளைக்காத பச்சைக்குஞ்சு. பாறு வெகுநேரம் யோசிக்கவில்லை. காலைத் தூக்கி, நகத்தால் தலையிலிருந்து ஒரு கொத்து இறகைப் பிடுங்கியது. அப்புறம் இன்னொரு கொத்து. உச்சி, பிடரி, கழுத்து என்று தோள் வரைக்கும் ஒன்று விடாமல் பிடுங்கி ஓடையில் விட்டது. பொன்னும் ரத்தமுமாக அது தண்ணீரோடு போனது. வெறும் தோலில் எறும்புக்கு என்ன வேலை? அதன் பிறகுதான் கூட்டுக்குப் போனது. குஞ்சு அதைப் பார்த்து மிரண்டு கூட்டின் மறுகோடிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. பாறு பேசிப் பார்க்கவில்லை. கிட்டப் போய் வாயோடு வாய் வைத்து இரை கொடுத்தது. நாலாவது வாய்க்குக் குஞ்சு தானே கிட்ட வந்தது.

குஞ்சு வளர்ந்து, தலையில் பஞ்சு பஞ்சாக இறகு கட்டி, முதல் முதலாகத் தாயோடு செத்த மாட்டைப் பார்க்கப் புறப்பட்ட நாள் வந்தது. கிளை நுனியில் நின்ற குஞ்சைத் தாய் தன் காலுக்கடியில் இழுத்து அமுக்கியது. அது கத்தக் கத்த, அதன் தலையில் இருந்த பஞ்சையும் கடைசி இழை வரைக்கும் பிடுங்கிக் காற்றில் விட்டது. பாறுக் குஞ்சுக்குப் பிறக்கும்போது தலையில் பஞ்சு இருந்து, பிணத்தின் பக்கம் போகிற வயசில் மொட்டையாகிப் போவது அன்று முதல்தான்.